ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

கண்ணாடி மேஜைமேல் மூன்று அட்டைப்பெட்டிகளையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, பார்த்துக்கிட்டே இருங்க மேடம், வந்துடறேன் என்று சொல்லிக் கடைப்பெண் ஃபர்ஸானா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சுலோசனாவுக்குப் புரியவில்லை. மூன்றும் கூலர். மூன்றும் கம்ப்யூட்டருக்குள்ளே பிராசசர் என்கிற அந்தத் தீப்பெட்டி அளவு சில்லின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே தள்ளுகிற சாமான். இதைச் சொல்லிக்கொடுத்ததே ஃபர்ஸானாதான், பத்து நிமிடத்துக்கு முன்னால். முதல் பெட்டியில் இருப்பது குட்டை, உள்ளங்கை அகலம், ஆனால் வேலை வந்தால் கத்தும். நடுவில் இருப்பது அகலமான விசிறி, மெதுவாகச் சுற்றும், சத்தமே இருக்காது. மூன்றாவது தண்ணீர் வைத்தது. தண்ணீரா என்று இவள் கேட்டபோது ஃபர்ஸானா சிரிக்கவில்லை, அது நல்ல பெண் என்பதற்கு அடையாளம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டாவது மாடியில், மே மாதத்து மத்தியானத்தில், ஐம்பத்தொரு வயதில், காட்டன் புடவையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொள்ள நின்றுகொண்டு தண்ணீரா என்று கேட்பவளைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. கேபினெட் எவ்வளவு பெருசு மேடம் என்று அவள் கேட்டதற்கு சுலோசனா கையை விரித்துக் காட்டினாள். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அப்படியொரு சின்ன டப்பாவில் கல்யாண வீடியோ எடிட் பண்றீங்களா என்ற கேள்விக்கு ஆமாம் என்றாள். ஏன் அவ்வளவு சின்னது என்று ஃபர்ஸானா கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் கேட்கவில்லை. கேட்காததால் அந்தப் பதில் இப்போது வாய்க்குள்ளேயே நின்று எங்கேயும் போக வழியில்லாமல் சுற்றுகிறது. முன்னே இருந்தது இடுப்புயரப் பெட்டி, ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற வழியில் தரையில் நிற்கும். வீட்டுக்காரருக்குக் கண் தெரிந்தவரைக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை. கண்ணில் அழுத்தம், சொட்டு மருந்து, ஆபரேஷன், இன்னொரு ஆபரேஷன், பிறகு ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்து வந்து கடைசியில் நடுவில் ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்காமல் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அவர் அந்தப் பெட்டிமேல் மூன்று தடவை மோதினார். மூன்றாம் தடவை முட்டியில் தையல். அப்போதுதான் அலமாரித் தட்டில் வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று, எடிட்டிங் வேலை கொடுக்கிற ஸ்டுடியோ லாரன்ஸிடம் சொல்லி, போன தீபாவளிக்கு அப்புறம் இந்த டப்பாவை வாங்கியது. தரை காலியானது. சூடு டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சித்திரை வெயில் வந்ததும் வெட்டிய துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவாகச் சேர்க்கிற ரெண்டர் பாதியில் இருக்கும்போது திரை கறுப்பாகி நின்றுவிடுகிறது. போன வாரம் ஒரு தாலி கட்டுகிற இடத்திலேயே நாலு தடவை நின்றது. அடுத்த தடவை நின்றால் வேலையை வேறு ஆளிடம் கொடுக்கவேண்டி வரும் என்று லாரன்ஸ் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் பயமாக இருந்தது.

ஐம்பத்தெட்டு. இதை மறக்கக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கேபினெட்டின் மூடிக்கும் பிராசசருக்கும் நடுவில் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு கூலரும் நிற்காது. அளந்து கொடுத்தது அவர்தான். தணிகைவேல் சர்வே ஆபீஸில் முப்பது வருஷம் டிராஃப்ட்ஸ்மேன், ஒரு ஏரிக்கரையின் வளைவை ஒரே மூச்சில் இழுத்துவிடுவார், இழுக்கும்போது பேச மாட்டார், இழுக்காதபோதும் பேச மாட்டார். நேற்றுக் காலையில் டப்பாவைக் கழற்றி அவர் மடியில் வைத்தபோது தன் பழைய எஃகு ஸ்கேலைக் கேட்டு வாங்கி, உள்ளே இறக்கி, கட்டைவிரல் நகத்தால் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணி, ஐம்பத்தெட்டு, ஒரு மயிரிழை அதிகமாகவே இருக்கலாம் என்றார். சொல்லும்போது முகத்தில் பழைய ஆபீஸ் களை வந்தது. நடுப்பெட்டியில் இருப்பது ஐம்பத்தேழு. பொருந்தும். ஆனால் மூடிக்கும் விசிறிக்கும் நடுவே ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், காற்றை இழுக்கும்போது சில சமயம் விசில் மாதிரி வரும் என்றாள் ஃபர்ஸானா, வந்தால் சுற்றி ஸ்பான்ஜ் ஒட்டிக்கொள்ளலாமாம். அப்புறம் ரேம், பிராசசருக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கிற நினைவுப் பட்டை. உங்க ரேம் தலையில கொண்டை மாதிரி தகடு இருக்கா மேடம், இருந்தா விசிறி அதுமேல இடிக்கும். கொண்டை இருக்கிறதா? இரண்டு பட்டைகள் நிற்பது கண்ணுக்குள் வருகிறது, அவற்றின் தலைதான் வரவில்லை. நேற்றுத்தான் பார்த்ததன் தலை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியவில்லை என்றால் இந்தக் கண் எதற்கு என்று தோன்றி, தோன்றியதும் யாருக்காவது கேட்டிருக்குமோ என்கிற மாதிரி கூச்சப்பட்டாள். சத்தமே இருக்காது. விசில் வரலாம். வந்தால் ஸ்பான்ஜ். குட்டையானது முப்பத்தேழுதான், கேள்வியே இல்லை, அதன்பாட்டுக்கு உள்ளே போய் உட்காரும், ஆனால் கத்தும். எவ்வளவு கத்தும்? இப்போது இருப்பதைவிடவா? இப்போது இருப்பதே மிக்சி மாதிரி. மிக்சி இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் எதையோ அரைக்கிற மாதிரி. அவர் ஒருநாள் சொன்னார், இந்தச் சத்தம் என் தலைக்குள்ள சுத்துது சுலோ, ரேடியோல பாதி வார்த்தை போயிடுது. அதனால்தானே சத்தமில்லாதது வாங்கலாம் என்று கிளம்பினாள். அப்படியென்றால் நடுப்பெட்டியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான், இதில் நின்று யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் அவரே இன்னொரு நாள் வேறு மாதிரியும் சொன்னார். அதை நினைக்காமல் இருக்கலாம் என்று இவள் மூன்றாவது பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் இருந்த எழுத்துகள் எல்லாம் எறும்பு.

சத்தம் இருந்தா நீ இருக்கன்னு தெரியுது. இதுதான் அவர் சொன்னது. மாசி மாதம், காபி டம்ளரைக் கையில் கொடுக்கும்போது, குறையாகவும் இல்லாமல் நன்றியாகவும் இல்லாமல். சத்தம் ஏறினா வேலை ஓடுது, கூப்பிடக் கூடாதுன்னு தெரியுது, எறங்கினா நீ சும்மா இருக்க, கூப்பிடலாம். அந்த வீட்டில் அவர் இப்போது சத்தங்களால் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் இவளுக்குத் தெரிந்தது. குழாய், பிரிட்ஜ், எதிர்வீட்டு மெர்சியின் கேட், இவளுடைய டப்பா. அதுவரைக்கும் அவர் எப்படிச் சரியாக இவள் ஓய்ந்திருக்கிற நிமிடம் பார்த்துக் கூப்பிடுகிறார் என்பது ஆச்சரியமாகத்தான் இருந்தது. சுலோ, அங்கயா இருக்க? இருக்கேங்க. மழை வர்ற மாதிரி இருக்கா? இல்லைங்க. சுலோ, அந்த நீலச் சட்டை எந்தக் கொடியில போட்ட? சுலோ, மணி என்ன ஆச்சு? இருபத்தேழு வருஷம் ஒரு வார்த்தைக்கு இவள் காத்திருந்த மனிதர். கல்யாணமான புதிதில் அவர் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிற வரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள், ஏதாவது சொல்வாரா என்று. கண் போனதும் பேச்சு வந்துவிட்டது. வந்தபின் நிற்கவே இல்லை. கேட்பதெல்லாம் சின்னச் சின்னது, எதையும் தப்பென்று சொல்ல முடியாது, இருட்டில் இருப்பவர் கேட்கத்தானே செய்வார். ஆனால் காலையிலிருந்து எண்பது தடவை இருக்கேங்க என்று சொன்னால் சொல்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தக் காபி டம்ளரைக் கொடுத்ததற்கு மறுநாள்தான், இல்லை, அதற்கும் முன்னாலேயேவா, முன்னால்தான், தை பிறக்கும் முன்பே ஒருநாள் இவள் அதைத் தெரியாத்தனமாகச் செய்திருந்தாள், மாசிக்கு அப்புறம் தெரிந்தே செய்தாள். என்றைக்கோ முடித்துக் கொடுத்துவிட்ட ஒரு வளைகாப்பு வீடியோவைத் திறப்பாள். ரெண்டர் போடுவாள். விசிறி மெல்ல ஏறி, இரைந்து, வீடு முழுக்கப் பரவும். அவர் கூப்பிட மாட்டார். முக்கால் மணி நேரம். இவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பாள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் காக்கை உட்காரும், எழும். வேறொன்றும் இல்லை. பாட்டு கேட்பதில்லை, போன் பார்ப்பதில்லை, அழுவதும் இல்லை, அழுதாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும். யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான். கல்யாணமே ஆகாத யாரோ போல அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பாள். அந்த இரைச்சல்தான் அவள் அறை. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் அதுதான். அதைத்தான் இப்போது காசு கொடுத்துக் கழற்றிப் போட வந்திருக்கிறாளா? அப்படியென்றால் குட்டையானது. கத்தட்டும். ஆனால் அவர் தலைக்குள் சுற்றுகிறது என்கிறாரே. தண்ணீர்க் கூலர் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி முனகிக்கொண்டு இருக்கும் என்றாள் அந்தப் பெண். ஒரே மாதிரி முனகினால் அவருக்கு என்ன தெரியும், வேலையா சும்மாவா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்க முடியாவிட்டால் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாரா, கூப்பிடவே மாட்டாரா. மூன்று பெட்டி. எதை எடுத்தாலும் அதற்குள் இவர்கள் இரண்டு பேருடைய மத்தியானம் இருக்கிறது. விரல்கள் அட்டையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தன.

கரண்ட் போன நாளை நினைக்கக் கூடாது. இப்போது நினைக்கக் கூடாது என்றால் இப்போதே வரும். பன்னிரண்டு நாள் ஆகிறது. மத்தியானம் இரண்டரை, வளைகாப்பு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, விசிறி முழு இரைச்சலில் இருந்தது, டப்பென்று எல்லாம் நின்றது. தலைக்கு மேலே சுற்றிய ஃபேன், பிரிட்ஜ், ரேடியோ, டப்பா, எல்லாம் ஒரே நொடியில். அப்படியொரு அமைதி அந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை. சுலோ என்று கேட்டது, உள்ளிருந்து. அங்கயா இருக்க? இருக்கேங்க என்று வாய்வரைக்கும் வந்தது. வந்து நின்றுவிட்டது. சுலோ. கட்டில் முனகியது. அவர் எழுந்துவிட்டார், கைத்தடியைத் தேடாமல், சுவரைத் தொட்டுக்கொண்டு, கதவு நிலையைத் தொட்டு, ஹாலுக்குள் வந்துவிட்டார். கட்டிலிலிருந்து இவள் நாற்காலிக்கு எட்டுக் காலடி. அவர் அதைப் பன்னிரண்டாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை பேர் சொன்னார், முதலில் சாதாரணமாக, பிறகு வேறு குரலில். அந்தக் குரல் இவளுக்குத் தெரியாத குரல், சின்னப் பையன் குரல் மாதிரியும் இல்லை கிழவன் குரல் மாதிரியும் இல்லை. இவள் அசையவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை காற்றில் நீண்டு இவள் தோளுக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்து, தொடாமல், வேறு பக்கம் போனது. ஏன்? கோபமா, இல்லை. பழிவாங்கவா, எதற்குப் பழி, அவர் என்ன செய்தார், பேசாமல் இருந்தார், அவ்வளவுதானே, அதற்கு இருபத்தேழு வருஷம் கழித்தா? வேடிக்கை பார்க்கவா? வேடிக்கை இல்லை. பின்னே என்ன என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. பிறகு மெதுவாக எழுந்து, பாத்ரூம் கதவுவரை வெறுங்காலில் போய், கதவைத் திறந்து மூடுகிற சத்தம் காட்டி, என்னங்க, பாத்ரூம்ல இருந்தேன் என்றாள். அவர் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நெற்றி வேர்த்திருந்தது, இவள் முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை இன்னும் இருக்கிறது, இதோ, இந்த அட்டைப்பெட்டிமேல்.

ஃபர்ஸானா வந்துவிட்டாள். இன்னும் குழப்பமா மேடம் என்றாள். கொஞ்சம் என்றாள் சுலோசனா. கேட்டே பார்த்துடுங்க என்று அவள் குட்டையானதையும் அகலமானதையும் வெளியே எடுத்து, மேஜைக்குக் கீழிருந்து ஒரு ஒயரை இழுத்து முதலில் குட்டையில் செருகினாள். அது கத்தியது. பழகிய சத்தம்தான், இன்னும் கொஞ்சம் கூர்மை. பிறகு அகலமானதில் செருகினாள். சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றும் வரவில்லை, கடைக்குள் இருந்த பேச்சும் கீழே தெருவின் ஹாரனும்தான் வந்தன. சுலோசனா கண்ணை மூடிப் பார்த்தாள். மூடியதும் அந்த விசிறி இல்லாமல் போயிற்று. கை நீட்டினால் விரலில் காற்று படுகிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சட்டென்று திறந்துகொண்டாள். சத்தம் யாருக்கு மேடம் தொந்தரவு, உங்களுக்கா, வீட்ல வேற யாருக்குமா என்று ஃபர்ஸானா கேட்டாள். அது தெரிந்தால் எதை எடுக்கலாம் என்று சொல்லிவிடுவேன் என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கவேண்டும். சுலோசனா வாயைத் திறந்தாள், எங்க வீட்டுக்காரருக்கு என்று சொல்லப் போனாள், அது பொய் என்று பட்டது, எனக்கு என்று சொல்லப் போனாள், அதுவும் பொய்யாகப் பட்டது. ஒரு நிமிஷம், வீட்ல கேட்டுச் சொல்றேன் என்று போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி முனைக்கு வந்தாள். படியெல்லாம் வெற்று அட்டைகளும் தெர்மாகோலும். எதைக் கேட்பது என்று யோசிக்கும் முன்பே அவர் எடுத்துவிட்டார். பின்னால் ரேடியோ ஓடியது.

மூன்று விதம் இருக்கிறது என்று சொன்னாள். அகலமானது ஐம்பத்தேழு என்றதும், ஒரு எம்.எம். இடம் போதும், தாராளம் என்றார். ரேம் கொண்டையைப் பற்றிக் கேட்டாள். கொண்டை இல்லை, மழமழவென்று இருந்தது, நேற்று தடவிப் பார்த்தேனே என்றார். அப்படியானால் இடிக்காது. கேட்க வந்தது முடிந்துவிட்டது. போனை வைத்திருக்கலாம். ஒருவன் தலையில் மானிட்டர் அட்டையோடு ஏறி வந்தான், அவனுக்குச் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள்.

"சத்தமே வராதுங்க இதுல. நான் வேலையா இருக்கேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள்.

அவர் ரேடியோவைக் குறைத்தார் போலிருக்கிறது.

"இப்ப மட்டும் என்ன," என்றார். "நெஜமா வேலை ஓடினா நடுநடுவுல மௌஸ் கேக்கும், சுலோ. சில நாள் அந்த டப்பா ஃபேன் மட்டும்தான் ஓடும்."

அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஆபீஸில் சின்னவர்கள் வரைந்து கொண்டுவந்த படத்தில் ஒரு கோடு தள்ளியிருப்பதைக் காட்டுகிற குரல். சுலோசனா பக்கத்திலிருந்த இரும்புக் கைப்பிடியைப் பிடித்தாள், வெயிலில் சுட்டது, விடவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். பொங்கலுக்கு முன்னாடியே என்றார். அப்படியென்றால் மாசியில் டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது, சத்தம் ஏறினால் கூப்பிட மாட்டேன் என்று சொன்னது, அது தெரியாமல் சொன்னதில்லை. தெரிந்துதான் சொன்னது. இவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரங்களில் அவர் உள்ளே ரேடியோவும் சரியாகக் கேட்காமல் என்ன செய்துகொண்டிருந்தார்? இவள் ஜன்னலைப் பார்த்தபோதெல்லாம் அவர் இவள் பார்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாரா? யார் யாரை ஏமாற்றியது, யார் யாருக்குக் கொடுத்தது, ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் விட்டுடுவ."

படியில் மறுபடியும் யாரோ ஏறினார்கள். இவள் ஒதுங்கினாள். போதும், இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இது போதும், இதைவிட நல்லது இனிமேல் வராது என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவருக்கு எல்லாம் தெரியும் என்றால் அதுவும் தெரிந்திருக்கும், தெரிந்ததைச் சொல்வானேன். தெரியாது என்றால்? தெரியாது என்றால் அது இவளிடம் மட்டும் இருக்கும், இவள் சாகும்வரைக்கும் அந்த ஹாலில் அந்தக் கை ஒரு சாண் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

"அன்னிக்குக் கரண்ட் போனப்ப நான் நாற்காலியிலதாங்க இருந்தேன்," என்றாள். "நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு."

இப்போது ரேடியோவே நின்றுவிட்டது. அவர் மூச்சு கேட்டது. போனை மற்ற காதுக்கு மாற்றுகிறாரோ என்று நினைத்தாள். வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள், நிமிடங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"பாத்ரூம்லன்னு சொன்ன," என்றார்.

"ஆமாங்க."

"அது எனக்குத் தெரியாது." பிறகு, "பயந்துட்டேன் அன்னிக்கு," என்றார். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. சத்தமில்லாததையே வாங்கிக்கொண்டு வா என்றார். வேலையில்லாததை மூடி மறைக்கிற மாதிரி ஒன்று வீட்டில் வேண்டாம் என்றார்.

"ஆனா நான் கூப்பிட்டா ஏதாவது சொல்லு. இப்ப வரலன்னு சொல்லு, பேசாத இருன்னு சொல்லு. எதையாவது சொல்லு, சுலோ."

சரிங்க என்றாள். அந்தச் சரிங்க எண்பது தடவை சொல்கிற இருக்கேங்க போலத்தான் வந்தது, வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அவர் மன்னித்தாரா, கோபமா, இனிமேல் வீட்டுக்குள் நுழையும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது, அவர் பார்க்க மாட்டாரே, அப்புறம் என்ன, அதனால்தான் பார்ப்பது கஷ்டம். உள்ளே போய் அகலமானதைக் கொடுங்கள் என்றாள். வீட்ல சொல்லிட்டாங்களா என்று கேட்டுக்கொண்டே ஃபர்ஸானா அதைப் பெட்டிக்குள் வைத்து, கூடவே சின்ன டியூபில் பிராசசர்மேல் தடவுகிற பேஸ்ட் ஒன்றையும் விசில் வந்தால் ஒட்டுவதற்கு ஸ்பான்ஜ் துண்டையும் பையில் போட்டாள். மூடும்போது ஸ்குரூவை ஒரேயடியாக இறுக்காமல் எதிரெதிர் மூலையாக இறுக்கச் சொன்னாள். சுலோசனா தலையாட்டினாள். எதிரெதிர் மூலை. அவர் கையால் தடவிப் பிடித்துக்கொண்டால் இவள் இறுக்கலாம்.

கடை வாசலில் நின்று மறுபடியும் போன் போட்டாள். வாங்கிட்டேன் என்றாள். பஸ் கிடைத்தால் முப்பத்தைந்து நிமிடத்தில் அயனாவரம், வீடு, அது அவருக்கும் தெரியும்.

"நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அங்க இன்னும் வேலை இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல எத்தனையோ இருந்தது. வெயில், கூட்டம், லாரன்ஸ், மருந்துக்கடை.

"இல்ல," என்றாள்.

அந்தப் பக்கம் மெர்சியின் கேட் திறந்து மூடுவது கேட்டது. அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"சரி," என்றார்.

சுலோசனா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். வலது பக்கம் போனால் பஸ் நிறுத்தம். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இடது பக்கம் நடந்தாள்.